சுவரேறிய வேட்டை

1764ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30ஆம் நாள் இங்கிலாந்தின் வின்சர் பெரும்பூங்காவில் வினோதமான வேட்டை ஒன்று நிகழ்ந்தது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1755 முதல் 1763 வரை இருந்து தாயகம் திரும்பிய ஜார்ஜ் பிகட், மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் கையுறையாகச் சிவிங்கி ஒன்றைக் கொடுத்திருந்தார். அவ்விலங்கு மானை எவ்வாறு வீழ்த்துகிறது என்பதைக் காண விழைந்த மன்னரின் சிற்றப்பனார் கம்பர்லாந்துக் கோமகன், பூங்காவின் ஒரு பகுதியை வலையால் அடைத்து உள்ளே ஒரு கலைமானை விட்டார். சிவிங்கியோடு இந்தியப் பணியாளரும் சென்றிருந்தனர். கண்மறைப்பு நீக்கப்பட்ட சிவிங்கி பாய்ந்தது. கலைமானோ தன் கொம்புகளால் அதனைத் தூக்கி எறிந்தது. மீண்டும் முயன்றும் வெல்ல இயலாத சிவிங்கி, இறுதியில் அடைப்பினின்றும் தப்பி வனத்துள் ஓடி, அங்கு மேய்ந்துகொண்டிருந்த வேறொரு மானைக் கொன்றது.

இந்நிகழ்ச்சியை ஒட்டிப் பிகட்டுக்காக ஓர் ஓவியம் வரைந்தவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். குதிரைகளின் பிணங்களைப் பதினெட்டுத் திங்கள் அறுத்து ஆராய்ந்து, தோலும் தசையும் எலும்பும் எவ்வாறு பொருந்தியுள்ளன என்பதைக் கண்கூடாகக் கற்றவர் அவர். ஏறத்தாழ ஒன்பது அடி அகலமுள்ள அவ்வோவியத்தில், தலைப்பாகையும் வெள்ளாடையும் அணிந்த இந்தியர் இருவர் சிவிங்கியின் இருபுறமும் நிற்கின்றனர். ஒருவர் அதன் சிவப்புக் கண்மறைப்பை உயர்த்தி இடைக்கச்சையைப் பற்றியிருக்கிறார். மற்றவர் எதிரே நிற்கும் மானைக் கைநீட்டிக் காட்டுகிறார். மான் அசையாது நிற்கிறது. சிவிங்கி இன்னும் பாயவில்லை. பாய்ந்தபின் நேர்ந்த தோல்வி ஓவியத்தில் இல்லை. வின்சர்ப் பூங்காவும் அதில் இல்லை. எந்நாட்டினது என்று சொல்லவொண்ணாத ஒரு மலைச்சாரலே பின்புலமாக விரிகிறது. வேட்டை ஓவியங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் இவ்விரண்டு இன்மைகளையும் மனத்திற் கொள்ளுதல் நன்று. சுவரில் மாட்டுவதற்காக வரையப்பட்ட வேட்டையில், காட்டில் நிகழ்ந்தது முழுவதும் இடம்பெறுவதில்லை.

பிகட்டின் பிற்கதை தமிழகத்தோடு பிணைந்தது. 1775இல் மீண்டும் ஆளுநராகச் சென்னைக்கு வந்த அவர், தஞ்சை அரசை மராட்டிய மன்னர் துளஜாவிடம் திருப்பி ஒப்படைத்தார். ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கம்பெனிக்காரர் பலருக்கு இச்செயல் பேரிழப்பாயிற்று. தம் ஆட்சிக் குழுவினராலேயே 1776இல் சிறைப்படுத்தப்பட்டு, காவலில் இருந்தபோதே 1777இல் அவர் இறந்தார். வேட்டைக்கு ஏவியவனே வலைக்குள் அகப்பட்டான் என்று கவிஞர் எவரேனும் பாடக்கூடும். வரலாற்றாசிரியர்க்கு அவ்வுரிமை இல்லை.

ஒன்பது அடி ஓவியத்தை மாட்டுதற்கு அரண்மனைச் சுவர் வேண்டும். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஓவியத்தின் நிழலை இல்லத்திற்குள் கொணரும் வழியொன்று பரவிற்று. புகழ்பெற்ற ஓவியங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட தாள்களை வாங்கி, அவற்றை நேரே சுவரில் ஒட்டி, சட்டம் போலவும் தொங்கும் நாடா போலவும் மலர்மாலை போலவும் அச்சிட்ட தாள்களைக் கத்தரித்துச் சுற்றிலும் ஒட்டினர். இவ்வாறு ஒப்பனை செய்யப்பெற்ற அறை 'அச்சோவிய அறை' எனப்பட்டது. அயர்லாந்தின் காசில்டவுன் மாளிகையில் லூயிசா கானலி சீமாட்டி 1760களில் அமைத்த அத்தகைய அறை இன்றும் அழியாது இருக்கிறது. இவ்வழக்கத்தில் பெண்களின் பங்கு சிறப்பாகக் குறிக்கத்தக்கது. எந்தப் படத்தருகில் எந்தப் படம், எதனை உயர்த்துவது, எதனைக் கதவருகே தாழ்த்துவது என்னும் தேர்வில் ஒரு தொகைநூலாசிரியரின் கண் செயற்பட்டிருக்கிறது. தொகுத்தலும் ஒரு படைப்பே என்பதை அகநானூற்றையும் குறுந்தொகையையும் கற்ற நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அச்சோவியங்கள் பெருகியதற்குக் கலையார்வத்தோடு ஒரு தொழில் நுட்பமும் காரணமாயிற்று. கோடுகளால் மட்டுமே உருவம் காட்டிய பழைய செதுக்கு முறையில் வானத்தின் மங்கலையும் நீரின் சாயலையும் காட்டுதல் அரிது. 1770களில் பால் சாண்ட்பி என்னும் ஓவியரால் இங்கிலாந்தில் பரவிய 'அக்குவாட்டின்ட்' முறை இக்குறையை நீக்கியது. குங்கிலியம் போன்ற பிசினின் நுண்துகளைச் செப்புத் தகட்டின்மேல் தூவிச் சூடேற்றினால் துகள்கள் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் அமிலத்தில் இட்டால், துகள்களுக்கு இடைப்பட்ட நுண்ணிய வெளிகளை மட்டும் அமிலம் அரிக்கும். அவ்வெளிகளில் மை தங்கி, தாளில் நீர்வண்ணம் தோய்த்தாற் போன்ற சாயல் விழும். எவ்வளவு நேரம் அமிலத்தில் கிடக்கிறதோ அவ்வளவு கருமை. அதன்மேல் ஒவ்வொரு படியையும் கையாலேயே வண்ணம் தீட்டினர். கடைகளின் பின்கட்டில் வரிசையாக அமர்ந்து, ஒருவர் வானத்திற்கு நீலமும் அடுத்தவர் புல்லுக்குப் பச்சையும் எனத் தீட்டி நகர்த்திய அம்மக்களுள் பெண்களும் சிறுவர்களும் பலர். படத்தின் அடியில் ஓவியர் பெயர் இடப்பக்கமும் செதுக்கியவர் பெயர் வலப்பக்கமும் பொறிக்கப்பெற்றிருக்கும். வண்ணம் தீட்டியவர் பெயருக்கு அங்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

இம்முறையில் அச்சாகி வந்த இந்திய வேட்டைத் தொகுப்புகளில் தலையாயது 'ஓரியன்டல் ஃபீல்ட் ஸ்போர்ட்ஸ்' என்பதாகும். வங்காளப் படையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய கேப்டன் தாமஸ் வில்லியம்சனின் குறிப்புகளையும் வரைவுகளையும் கொண்டு, சாமுவேல் ஹோவிட் என்னும் ஓவியர் நாற்பது படங்களை வரைந்தார். எட்வர்ட் ஓர்ம் என்னும் லண்டன் வெளியீட்டாளர் 1805 முதல் 1807 வரை அவற்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஹோவிட் இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்லர். அவருடைய புலியின் தசையிலும் பன்றியின் மூர்க்கத்திலும் உண்மை இருக்க, மரங்களில் மட்டும் ஆங்கில நாட்டுச் சாயல் விடாது தொடர்கிறது. ஆயினும் அத்தொகுப்பை வெறும் கற்பனை என்று ஒதுக்குதல் நேர்மையாகாது. கரும்புத் தோட்டத்தைக் கலைத்துப் பன்றியை வெளிப்படுத்துதல், பழக்கிய யானைகளைக் கொண்டு காட்டு யானையை மரத்தில் பிணித்தல், கெட்டாவுக்குள் யானைக் கூட்டத்தை ஓட்டுதல், ஊருக்குள் புலி நுழைதல் என அதன் படங்கள் ஒரு நாட்டின் வேட்டைத் தொழில் முழுவதையும் வரிசையாகக் காட்டுகின்றன. நாய்களை நடத்திச் செல்லும் தூரியர்களுக்கு ஒரு படம், குதிரைகளை நடத்திச் செல்லும் சயீசுகளுக்கு ஒரு படம் என்று தனித்தனியே இடம் தந்திருப்பது வியப்பிற்குரியது. வேட்டைக்குச் செல்லும் துரைமார் இல்லாமலும் வேட்டை உண்டு. வேலையாட்கள் இல்லாமல் இல்லை என்பதை வில்லியம்சன் அறிந்திருந்தார் போலும்.

இத்தொகுப்பு நூலாக வந்தது. எனினும் அது நூலாக நிலைக்கவில்லை. வாங்கியவரும் அவர்தம் வழியினரும் பின்னாளைய வணிகரும் தையலைப் பிரித்து, தாள்களைத் தனித்தனியே எடுத்து, கண்ணாடியிட்டுச் சட்டத்துள் அடைத்தனர். 'பன்றி வேட்டைக்குப் புறப்பாடு', 'வளைக்கப்பட்ட புலி', 'இறந்த புலி' என்றவாறு நான்கோ ஆறோ படங்கள் ஒரு வரிசையாயின. நரி வேட்டைப் படங்களை வெளியிட்ட ஹென்றி ஆல்கன் முதலியோர், கூடுதல், கிளப்புதல், துரத்தல், கொல்லுதல் என நான்கு நிலைகளாகவே வேட்டையைப் பகுத்து விற்ற காலம் அது. மாடிப்படியில் ஏறும் விருந்தினர் ஒவ்வொரு படியிலும் வேட்டையின் ஒரு நிலையைக் கண்டு, மேல்தளத்தை அடையும்போது விலங்கு இறந்திருக்கும்.

ஹோவிட்டின் படங்கள் சுவரோடும் நிற்கவில்லை, உண்கலத்திலும் ஏறின. ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஸ்போடு மட்கலத் தொழிற்சாலை, 1815ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'இந்திய வேட்டை' என்னும் பெயரில் நீல நிறத் தட்டு வரிசை ஒன்றை வெளியிட்டது. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் ஒற்றி, அத்தாளைச் சுட்ட மட்கலத்தின்மேல் அழுத்திப் படத்தை மாற்றி, பின் மெருகேற்றி மீண்டும் சுடுவர். கலந்தோறும் ஒரு படம். உணவுத் தட்டிற்கு வாய்த்தது 'கரடியின் சாவு'. வறுத்த இறைச்சியை உண்டு முடித்ததும் தட்டின் அடியில் யானைகளும் ஈட்டிகளும் வீழும் கரடியும் தோன்றும். இதனை அருவருப்பு என்று இன்று சொல்லிவிடுதல் எளிது. அன்றைய இல்லத்தலைவிக்கு அது நேர்த்தியான நீலத் தட்டு. மருமகளுக்குக் கொடுத்துச் செல்லத்தக்க செல்வம்.

பிரான்சில் இவ்வேட்கை சுவர்த்தாளாக வடிவெடுத்தது. அல்சாசுப் பகுதியில் ரிக்ஸ்ஹைம் ஊரின் சூபர் தொழிற்சாலை 1807இல் 'இந்துஸ்தான்' என்னும் பெயரில் இருபது நெடுந்தாள்கள் கொண்ட காட்சி வரிசையை வெளியிட்டது. மரக்கட்டைகளால் அச்சிடப்பெற்ற அதன் கட்டடங்களுக்கு மூலமாக அமைந்தவை தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரின் அச்சோவியங்கள். இவ்விருவர் 1792இல் தமிழகம் போந்து மதுரையையும் குற்றாலத்தையும் வரைந்து சென்றவர்கள் என்பது நம்மில் பலர் அறிந்ததே. அறையின் நாற்புறமும் ஒட்டினால், அமர்ந்திருப்போர் கோயில்களுக்கும் யானைகளுக்கும் நடுவே இருப்பர். அவர்கள் காலில் முள் தைக்காது.

இவற்றோடு ஒப்பிட, முகலாயர் மரபு வேறு வழியிற் சென்றது. ஜஹாங்கீர் தம் பன்னிரண்டாம் வயது முதல் ஐம்பதாம் வயது வரை நிகழ்ந்த வேட்டைகளைக் கணக்கிடச் செய்து, தம் முன்னிலையில் வீழ்ந்தவை 28,532 உயிர்கள், தம் கையால் வீழ்ந்தவை 17,167 என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். அதே ஜஹாங்கீர்தான் 1612இல் கோவாவிலிருந்து வந்த வான்கோழியையும், 1621இல் வந்த வரிக்குதிரையையும் மன்சூர் என்னும் ஓவியரைக் கொண்டு மயிரிழை பிசகாது வரைவித்தார். கொன்றதும் வியந்ததும் ஒரே கண். ஆனால் அவ்வோவியங்கள் சுவருக்கு உரியவை அல்ல. முரக்கா எனப்படும் ஏடுகளில் ஒட்டப்பெற்று, மடியில் வைத்துப் புரட்டிப் பார்க்கவும் நெருங்கியவர்க்குக் காட்டவும் உரியவை. ஏட்டிலுள்ள படத்தைப் பார்ப்பவன் அதனைத் தேடித் திறக்கிறான். சுவரிலுள்ள படம் பார்ப்பவனைக் கேட்பதில்லை. நாளடைவில் அவன் அதனைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறான். இவ்வேறுபாட்டை ஓவிய வரலாறு எழுதியோர் போதிய அளவு கருதியதாகத் தோன்றவில்லை.

முகலாயக் கைத்திறம் கம்பெனிக் காலத்தும் தொடர்ந்தது. கல்கத்தாவில் மேரி இம்பே சீமாட்டி 1777 முதல் தம் தோட்டத்தில் வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் வரைந்தவர்கள் ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்னும் மூவர். வெறுமையான வெள்ளைத் தாளில் ஒரு கிளையும் ஒரு பறவையும் மட்டுமே அமைந்த அப்படங்களில் துப்பாக்கி இல்லை, துரை இல்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜியும் (ஆட்சிக் காலம் 1798–1832) தம் ஓவியர்களைக் கொண்டு பறவை விலங்குகளை வரைவித்தார். இன்று இல்லச் சுவருக்குப் படம் தேடுவோர் வேட்டைக் காட்சியை விடுத்து இத்தகைய படங்களையே மிகுதியும் நாடுகின்றனர். வேட்டை கசந்து போன காலத்தின் சுவை அது.

ஆயினும் வெள்ளைத் தாளிலுள்ள பறவை வேட்டைக்கு அப்பாற்பட்டது எனக் கொள்ளலாகாது. அமெரிக்கப் பறவைகளைத் தொகுத்த ஜான் ஜேம்ஸ் ஆடுபான் இதற்குச் சான்று. 1827 முதல் 1838 வரை 435 படங்களாக வெளிவந்த அவருடைய 'பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா' தொகுதியின் தாள் ஏறத்தாழ 39 அங்குல நீளமும் 26 அங்குல அகலமும் உடையது. பறவை ஒவ்வொன்றையும் அதன் உண்மை அளவிலேயே வரைய வேண்டும் என்னும் உறுதியே அத்துணைப் பெரிய தாளுக்குக் காரணம். பூநாரையின் கழுத்தை வளைத்து மடக்கித் தாளுக்குள் அடக்கிய விதம் மரபுக் கவிஞர் தளைக்குள் சொல்லை அடக்கும் விதத்தை ஒத்தது. அப்பறவைகளை ஆடுபான் சுட்டு வீழ்த்தி, கம்பியால் பிணைத்து, உயிருள்ளவை போல் நிறுத்தி வரைந்தார். அவர் வரைந்தவற்றுள் கரோலினாக் கிளியும் பயணப் புறாவும் இன்று உலகில் இல்லை. கூட்டமாகப் பறந்தால் வானை மறைக்கும் என்று ஆடுபானே வியந்த பயணப் புறாவின் கடைசி உயிர் 1914இல் சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் மடிந்தது. அவருடைய தொகுதிகள் பலவும் பிரிக்கப்பட்டுத் தனித்தாள்களாகச் சட்டம் ஏறின. பறவையைக் கொன்று படம் எழுதினார். நூலைக் கொன்று சுவரை அலங்கரித்தனர் பிற்காலத்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எல்லாச் சுவர்களையும் வென்ற விலங்கு ஒரு மான். எட்வின் லாண்ட்சீர் 1851இல் வரைந்த 'மோனார்க் ஆஃப் தி கிளென்', பன்னிரு கிளைக் கொம்புடைய கலைமான் பனிமலைப் பின்னணியில் தலைநிமிர்ந்து நிற்பதைக் காட்டுவது. பிரபுக்கள் அவையின் சிற்றுண்டி அறைக்காக எழுதப்பட்ட அதற்கு உரிய பணத்தை மக்களவை தர மறுத்தது. மறுக்கப்பட்ட அப்படம் அச்சோவியமாகி விடுதிகளிலும் இல்லங்களிலும் நிறைந்தது. பின்னர் சவர்க்காரத்திற்கும் விஸ்கிக்கும் விளம்பரமாயிற்று. 2017இல் ஸ்காட்லாந்து தேசிய ஓவியக் கூடம் 40 லட்சம் பவுண்டுக்கு அதனை வாங்கிற்று. அப்படத்தில் வேடன் இல்லை, குடியானவனும் இல்லை. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் உழுதுண்டு வாழ்ந்த மக்கள் ஆட்டுப் பண்ணைகளுக்காக வெளியேற்றப்பட்டதும், அந்நிலங்களுள் பல பின்னர் மான் வேட்டைக் காடுகளாக மாற்றப்பட்டதும் அந்நூற்றாண்டின் வரலாறு. ஆளில்லாத மலையின் அழகு இயல்பாக வந்ததன்று. அச்சோவியத்தை வாங்கிய லண்டன் வாணிகர்க்கு அவ்வெறுமை அமைதியாகத் தெரிந்தது. ஊரிழந்து கனடாவுக்குக் கப்பலேறியவருக்கு அது எவ்வாறு தெரிந்திருக்கும்?

இந்தியாவினின்றும் சென்ற வேட்டை, படமாகி இந்தியாவுக்கே திரும்பியும் வந்தது. நீலகிரி முதலிய மலைவாழிடங்களின் ஆங்கிலேயர் விடுதிகளில், பாடம் செய்யப்பட்ட காட்டெருமைத் தலைகளுக்கும் புலித்தோல்களுக்கும் நடுவே ஆங்கில நரி வேட்டைப் படங்களும் தொங்கின. நரிக்கு மாறாகக் குள்ளநரியைத் துரத்திய உதகை வேட்டையில் சிவப்பு மேலங்கியும் இலண்டன் ஒழுங்கும் மட்டும் மாறவில்லை. 1972இல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்ததோடு, காக்கப்பட்ட விலங்குகளின் தோலையும் தலையையும் உரிமைச் சான்றின்றி வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. அதன்பின் பழமைத் தோற்றம் விழையும் இல்லங்களுக்கும் விடுதிகளுக்கும் எஞ்சியது படம் ஒன்றே. அருங்காட்சியகங்கள் பல தம் தொகுப்புகளை மின்னுருவில் எவரும் எடுத்தாளத் திறந்துவிட்டமையால், ஹோவிட்டின் புலியையும் ஆடுபானின் கிளியையும் இன்று தெருமுனை அச்சகத்திலேயே துணியிலோ தாளிலோ அச்சிட்டுக்கொள்ள இயலும். பழம்படி எனக் கூறி விற்கப்படுவதை அறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். இக்கால அச்சாயின் ஒழுங்கான வண்ணப் புள்ளிகள் தென்படும். அக்குவாட்டின்டாயின் ஒழுங்கற்ற நுண்வலை போன்ற மைப்பரப்பும், அதன்மேல் தூரிகை எல்லை மீறிய இடங்களும், படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தழும்பும் காணப்படும். வெயில் படும் சுவரில் மாட்டினால் கைவண்ணம் சில ஆண்டுகளில் வெளிறும். அமிலம் மிகுந்த மலிவு அட்டையைப் பின்புறம் வைத்தால் தாள் பழுத்துப் பழுப்பேறும். ஈரக்காற்று மிகுந்த நம் கடற்கரை ஊர்களில் பூஞ்சைக் கறையும் உடன் சேரும்.

ஸ்டப்ஸின் சிவிங்கிக்கு மீள்வோம். அடைப்பில் வளர்க்கும்போது ஈனுவது மிக அரிதான விலங்கு அது. ஜஹாங்கீர் காலத்தில் ஒருமுறை குட்டி ஈன்றதே நினைவுக் குறிப்பில் எழுதத்தக்க வியப்பாயிற்று. ஆகவே இரலைமான் வேட்டைக்காக அரண்மனைகளில் பழக்கப்பட்ட ஒவ்வொரு சிவிங்கியும் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதே. பிடிக்கப் பிடிக்கக் காடு வெறுமையுற்றது, புல்வெளிகள் வயல்களாயின, துப்பாக்கி எஞ்சியதை முடித்தது. இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்துக் கோரியா அரசர் 1947இல் சுட்ட மூன்று சிவிங்கிகளே இந்தியாவில் கடைசியாகப் பதிவானவை எனப் பரவலாகக் கொள்ளப்படுகிறது. 1952இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. அவை ஆப்பிரிக்கக் கிளையினம்; பிகட் கொண்டு சென்றது ஆசியக் கிளையினம். அதன் எச்சம் ஈரானில் மட்டும் மிகச் சிலவாக உயிர்வாழ்கிறது.

அவ்வோவியம் 1970 முதல் மான்செஸ்டர் ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அதன் தலைப்பு சிவிங்கியைச் சொல்கிறது, மானைச் சொல்கிறது, 'இந்தியப் பணியாளர் இருவர்' என்றும் சொல்கிறது. ஸ்டப்ஸ் அவ்விருவரின் முகங்களை விலங்குகளுக்குக் காட்டிய அதே கவனத்தோடு, இருவரும் வெவ்வேறு மனிதர் என்பது தெளிவாக எழுதியிருக்கிறார். கண்மறைப்பை உயர்த்தும் கை இன்னும் அதனை முழுதும் எடுத்துவிடவில்லை. சிவிங்கி மானைக் கண்டுவிட்டது.